மூன்று கறுப்பு, இரண்டு வெள்ளை

சாப்பாட்டு மேஜை மேல் ஐந்து பட்டன்கள் கிடந்தன. மூன்று கறுப்பு, இரண்டு வெள்ளை. எண்ணிப் பார்க்க அவசியமே இல்லை. ஆனாலும் அந்த வாரம் எண்ணும் முறை கொழுந்தனாருடையது. அவர் ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தி, உதடு அசைய எண்ணி, பிறகு இன்னொரு தடவை வலமிருந்து இடமாகவும் எண்ணினார். தையல் கடையில் துணி வெட்டுகிறவர். எதையும் இரண்டு தடவை அளக்காமல் நம்பமாட்டார்.

"கறுப்பு மூணு, வெள்ளை ரெண்டு. தீர்மானம் தோத்துப்போச்சு, அண்ணி" என்று சொல்லிவிட்டு, தானே குற்றம் செய்ததுபோல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணி பட்டன்களைக் கூட்டி அள்ளி டப்பாவில் போட்டாள். தெருவில் அவளை எக்ஸ்ரேக்காரம்மா என்பார்கள். முப்பத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அந்த ஊரில் அவள் எலும்பு பார்க்காத ஆள் கிடையாது. ஐந்து மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாகப் பயிற்சிப் பள்ளி தொடங்குகிறார்கள். இளம்பெண்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க ஒரு வருஷத்துக்கு வர முடியுமா என்று அவளைக் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. தங்க இடமும் தருகிறார்கள். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களை எடுக்கமாட்டார்கள். அவளுக்கு ஐம்பத்து நான்கும் ஏழு மாதமும் ஆகியிருந்தது. அடுத்த வாரக் கடைசிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூன்றாவது விஷயமாக வைத்தாள்.

முதல் விஷயம் குளியலறைக் குழாய். இரண்டாவது, பின்சுவர் ஏறிக் குதித்து வரும் அந்தச் சாம்பல் பூனைக்குத் தினமும் பால் வைப்பதா வேண்டாமா என்பது. பூனைக்கு ஐந்து வெள்ளை விழுந்திருந்தது.

இந்தப் பட்டன் விவகாரம் புரிய வேண்டுமென்றால் அவளுடைய மாமனாரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் தையல்காரர். ஊர் அவரை 'ஏன் ஐயா' என்று கூப்பிட்டது. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருகிற சொல் அதுதான். அந்தக் காலத்தில் சில ஆட்களை வாசலிலேயே நிறுத்தி, தொடாமல் கண்ணாலேயே குத்துமதிப்பாக அளவெடுப்பது கடைகளின் வழக்கம். இவர் கடை திறந்த முதல் நாளே அவர்களை உள்ளே கூப்பிட்டு, எல்லோரும் உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்து, எல்லோரையும் அளக்கும் டேப்பாலேயே அளந்தார். பாதி ஊர் கடைக்கு வருவதை நிறுத்தியது. மீதிப் பாதிக்கு நல்ல சட்டை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் முதல் பாதியும் முறைத்துக்கொண்டே திரும்பி வந்து சேர்ந்தது. பெண்களுக்கு மிஷின் மிதிக்கக் கற்றுக்கொடுத்தார், நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பவர்களிடம் கடிகாரத்தைக் காட்டி, இதில் கெட்ட முள் எது என்று கேட்டார், கல்லெறி வாங்கினார், அந்தக் கல்லைத் துணி பறக்காமலிருக்க வெட்டுப் பலகையில் வைத்துக்கொண்டார்.

ஊருக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்கிற ஆள் இல்லை அவர். வீட்டில் எது முடிவெடுத்தாலும் பன்னிரண்டு வயது தாண்டிய எல்லோரும் காரணம் சொல்லிப் பேச வேண்டும். பிறகு சம்மதம் என்றால் வெள்ளைப் பட்டன், இல்லையென்றால் கறுப்பு. ஒளித்துப் போடக் கூடாது. காரணம் வைத்திருப்பவன் கையை ஏன் மறைக்க வேண்டும் என்பார். முடிவை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் பேச வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வாய் தவறிப் புருஷனை 'நீங்க' என்றால் மாமனார் அமைதியாக, "இவன் என்ன உன் ஆஸ்பத்திரி டாக்டராம்மா?" என்பார். அந்த 'நீ' வாயில் உட்கார மூன்று மாதம் ஆயிற்று.

அவர் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. பட்டன் டப்பா அப்படியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் அவளைப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படி யாரும் பேசமாட்டார்கள். புருஷன் எழுந்து நின்றே பேசினார். அப்பாவின் கொள்கைகளை ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர், பெண்ணுரிமை என்றால் இரண்டு மணி நேரம் குறிப்பு இல்லாமல் பேசுவார், தெரு அவரை மைக் என்றுதான் சொல்லும். உட்கார்ந்து பேசினால் அவருக்குக் குரல் வராது. "உன்னை யாரும் தடுக்கல. நீ சுதந்திரமான மனுஷி. ஆனா எல்லாப் பக்கமும் யோசிக்கணும் இல்லையா?" என்று தொடங்கி, எல்லாப் பக்கமும் யோசித்து, அவள் இருக்கிற பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார். கொழுந்தனார் கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், பொய்யும் வராது. "நீங்க இல்லாம வீடு ஒரு மாதிரி இருக்கும் அண்ணி" என்றார். அது காரணம் ஆகாது என்று அக்கா அதட்டியதும், பஸ் பயணம் முதுகுக்கு ஆகாது என்று மாற்றிக்கொண்டார். அந்த அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அறுபத்தாறு வயது. அப்பாவின் ஒரு சொல் கீழே விழாமல் தாங்கிப் பிடிக்கிறவர். அப்பாவின் நூற்றாண்டு மலர் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, கொள்கையா சொந்த விருப்பமா என்று வரும்போது எது பெரிது என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று சொல்லி, கறுப்புப் பட்டனை முதல் ஆளாக வைத்தார். வெள்ளை வைத்த இரண்டு பேர் அவளும் அவள் மகளும். மகளுக்கு அடுத்த மாதம் கடைசி வருஷப் பரீட்சை. அம்மா இல்லாவிட்டால் கஷ்டம்தான், ஆனாலும் வைத்தாள்.

தோற்றது தோற்றதுதான். அவளுக்கு வருத்தம்தான். ஆனால் கோபம் வரவில்லை. கோபப்பட யாரிடம் என்ன இருக்கிறது? முறைப்படி பேசினார்கள், முறைப்படி வைத்தார்கள், முறைப்படி எண்ணினார்கள். அவள் பிறந்த வீட்டில் அப்பா தொண்டையைக் கனைத்தால் அதுதான் தீர்மானம். இங்கே அவள் வந்த முதல் வாரமே மாமனார் எல்லோரையும் உட்காரவைத்து, புது மருமகள் ஆஸ்பத்திரி வேலைக்குத் தொடர்ந்து போகலாமா என்று ஓட்டுக்கு விட்டார். அவள் கையிலும் ஒரு பட்டன் கொடுத்தார். ஆறு வெள்ளை விழுந்தது. அவள் அழுதுவிட்டாள், அவ்வளவு சந்தோஷம். 'மருமகள் வேலைக்குப் போக வீடே ஓட்டுப் போட்ட கதை' என்று புருஷன் அதைச் சொல்லாத மேடை இல்லை. கூட்டம் அந்த இடத்தில் கட்டாயம் கை தட்டும். அவளும் முன்வரிசையில் உட்கார்ந்து முப்பத்தோரு வருஷமாகக் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை எக்ஸ்ரே அறையில் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும், கூட வேலை பார்க்கும் ஆயாம்மா டீயைக் கொண்டுவந்து நீட்டி, "எப்ப கெளம்புறீங்க?" என்று கேட்டாள். பள்ளிக்கூடம் ஆரம்பிக்கும் செய்தி ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும்.

"போகல. வீட்டுல ஓட்டு விட்டோம். மூணுக்கு ரெண்டுல தோத்துட்டேன்."

ஆயாம்மா டீயை ஒரு வாய் உறிஞ்சினாள். "எங்க வீட்டுல அந்த மனுஷன் ஒத்தை ஆளா நின்னு வேலைக்குப் போகாதேன்னான். போடா வேலையப் பாத்துக்கிட்டுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். உங்க வீட்டுல மூணு படிச்சவங்க மரியாதையாச் சொல்றாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

எக்ஸ்ரேக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆயாம்மா தன் போக்கில் அடுத்ததைக் கேட்டாள்.

"ஆமா, உங்க வீட்டுக்காரர் மாசத்துல பத்து நாள் வெளியூர்லதானே பேசிட்டிருக்கார். அதுக்கும் ஓட்டு உண்டா?"

அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டான். மணிக்கட்டை மேஜை மேல் வைத்துச் சரிசெய்தாள். ஆடாம இருங்க என்று அவனிடம் சொல்லிவிட்டு, அவளே ஆடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அன்றைக்கு இரண்டு படம் மங்கலாக வந்து திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆஸ்பத்திரி சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து நோட்டுகளை எல்லாம் இறக்கினாள். நூற்றாண்டு மலருக்காகத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து நாத்தனார் மேஜை விளக்கைக் கூட நகர்த்திக் கொடுத்துவிட்டுப் போனார். மின்விசிறி, சுவர் வெள்ளையா பச்சையா, பழைய மிஷினைக் கொடுப்பதா, வாடகைக்கு விடுவதா. இடையிடையே ஆட்களின் விஷயம். மருமகள் இரவு ஷிப்ட் ஒத்துக்கொள்ளலாமா. மருமகள் அம்மா வீட்டில் ஒரு மாதம் தங்கலாமா. மருமகள் ஸ்கூட்டர் ஓட்டக் கற்கலாமா. பேத்தி விடுதியில் தங்கிப் படிக்கலாமா. பெரும்பாலும் வெள்ளைதான் ஜெயித்திருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. அவள் பெயரில் பதினோரு தீர்மானம். மகள் பெயரில் மூன்று. நாத்தனார் பெயரில் நான்கு. மாமியார் பெயரில் கூட ஒன்று இருந்தது, கண் ஆபரேஷன். புருஷனைப் பற்றி, கொழுந்தனாரைப் பற்றி ஒன்றுகூட இல்லை. மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். கொழுந்தனார் மாதிரி, பின்னாலிருந்தும் புரட்டினாள். இல்லை.

அவர்கள் எங்கேயும் போகாத ஆட்களா? புருஷன் ஒரு தடவை நாற்பது நாள் போனார். கொழுந்தனார் நாற்பத்தைந்து வயதில் நீச்சல் கற்கப் போகிறேன் என்று கிளம்பி ஆற்றங்கரை ஊரில் இருபது நாள் கிடந்தார். சட்டையை மாட்டினார்கள், வருகிறேன் என்றார்கள், போனார்கள். அதெல்லாம் ஓட்டுக்கு விடுகிற விஷயம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று கேட்கும் வீட்டில் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறாள்.

இன்னும் பழைய நோட்டில், மாமனாரின் குண்டு குண்டான கையெழுத்தில், ஒரு வரி இருந்தது. 'மகள் மலையூர்ப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போகலாமா. கறுப்பு ஐந்து. வெள்ளை இல்லை.' அப்போது வீட்டில் ஓட்டுள்ளவர்களே ஐந்து பேர்தான். அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. அப்படியானால் நாத்தனாரும் கறுப்புத்தான் வைத்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு தலைமை நாத்தனாருடையது. பத்து மணிக்கு எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என்ன விஷயம் இருக்கிறது என்று கேட்டதும், எக்ஸ்ரேக்காரம்மா கையைத் தூக்கினாள்.

"அடுத்த வாரம் இவர் பன்னெண்டு நாள், ஆறு ஊருக்குப் பேசப் போறார். போகலாமா வேண்டாமான்னு ஓட்டுக்கு விடணும்."

கொழுந்தனார் கண்ணாடியைக் கழற்றினார். மைக் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினார்.

"காரணம்?" என்று நாத்தனார் கேட்டார். தலைமை என்று உட்கார்ந்துவிட்டால் அவருக்கு முறைதான் முக்கியம்.

"உன்னை யாரும் தடுக்கல" என்று அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "நீ சுதந்திரமான மனுஷன். ஆனா எல்லாப் பக்கமும் யோசிக்கணும். உனக்குச் சக்கரை முந்நூறு இருக்கு. பொண்ணுக்குப் பரீட்சை. குளியலறைக் குழாய் போன வாரத் தீர்மானத்துக்கு அப்புறமும் ஒழுகிட்டுதான் இருக்கு. நூற்றாண்டு மலர் வேலை வேற. கொள்கையா, சொந்த விருப்பமான்னு நீயே யோசிச்சுப் பாரு."

"என்ன விளையாட்டு இது?" அவர் எழுந்துவிட்டார். "பேசப் போறது நான். தொண்டை என்னோடது. நான் எங்க போறேன், எத்தனை நாள் இருக்கேன்னு மத்தவங்க எப்படி முடிவு பண்ண முடியும்? இது ஓட்டுக்கு விடுற விஷயமே கிடையாது."

நல்ல குரல். தெருவரைக்கும் கேட்டிருக்கும். கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வாய் திறந்தபடி நின்றார். மகள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, குபீரென்று சிரித்துவிட்டாள். கொழுந்தனாரும் சிரித்து, அண்ணன் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

நாத்தனார் சிரிக்கவில்லை. "இது அப்பா போட்ட ஏற்பாடு. நீ கேலி பண்றது அப்பாவை."

"கேலி இல்லக்கா." அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நான் வேலைக்குப் போகலாமான்னு மாமாதான் முதல்ல ஓட்டு விட்டார். ஆறு வெள்ளை விழுந்துச்சு. எனக்கு அன்னைக்குக் கால் தரையில படல. ஆனா அது ஓட்டுக்குப் போக வேண்டிய விஷயமே இல்லக்கா. ஒருவேளை கறுப்பு விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்? மாமா மாதிரி ஒரு மனுஷனை நான் பாத்ததில்ல. இப்ப உயிரோட இருந்தார்னா, எதிர்ல உக்காந்து, ஏன் மாமா அப்படிப் பண்ணினீங்கன்னு அவரையே கேட்டிருப்பேன். அவர் கோவிச்சுக்கமாட்டார். யோசிக்க உக்காந்துடுவார்."

மைக் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. சொல்வதை நம்பித்தான் சொல்லுவார், என்ன, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசி மேடையைத் திரும்பிப் பார்க்க மறந்துபோனவர். "முப்பத்தோரு வருஷமா அந்தக் கதையச் சொல்லிட்டிருக்கேன்" என்றார். உட்கார்ந்தபடியேதான் சொன்னார். "இனிமே எப்படிச் சொல்றது?"

"அப்படியே சொல்லு. கடைசில ஒரு வரி சேத்துக்க."

"என்ன வரி?"

"பேச்சாளர் நீதானே."

"அப்ப போன வாரத் தீர்மானம்?" என்று கொழுந்தனார் கவலையோடு நோட்டைப் பிரித்தார். "எழுதியாச்சே."

"இருக்கட்டும். வீட்டுல மூணு பேருக்கு நான் போறது பிடிக்கலன்னு தெரிஞ்சுக்க அது வேணும். பூனைக்குப் பால் வைக்கணுங்கிறதும் அப்படியே இருக்கட்டும்."

அவள் கடிதத்தோடு வந்திருந்த படிவத்தை எடுத்துவந்து அந்த மேஜையிலேயே வைத்து நிரப்பினாள். மகள் பேனா கொண்டுவந்து கொடுத்தாள். மைக் பக்கத்தில் வந்து நின்று, பிறந்த தேதி எழுதும்போது, "இங்க வருஷத்தை நாலு எண்ணா எழுதணும்" என்று மட்டும் சொன்னார். நாத்தனார் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூட்டத்தை முடித்துவைக்காமல் அவர் எழுந்து போனது அதுவே முதல் தடவை. மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. எக்ஸ்ரேக்காரம்மாவுக்கு ஜெயித்த சந்தோஷம் பாதி அந்தக் கதவிலேயே நின்றுபோயிற்று.

நான்கு மணிக்கு அந்தக் கதவு திறந்தது. அவள் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் வந்து எதிரில் நின்று, ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"மலையூர் வரியைப் படிச்சியா?"

"படிச்சேன்கா."

"அப்பா சொன்ன காரணம் சரியா இருந்துச்சு. இங்க ஒரு பள்ளிக்கூடம் உன்னை நம்பி நிக்குது, அங்க போனா யாரு பாப்பான்னார். நானே யோசிச்சுப் பாத்தேன். எதிர்க் காரணம் எதுவும் எங்கிட்ட இல்ல. போகணும்னு ஆசையா இருந்துச்சு, அவ்வளவுதான். ஆசை காரணம் ஆகாதே. அதனால நானும் கறுப்பு வெச்சேன்." மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தார். "முப்பத்தெட்டு வருஷமா அதை நியாயமான முடிவுன்னுதான் பெருமையா நெனச்சிட்டிருக்கேன். இன்னிக்குக் காலைல நீ பேசினதும் எனக்கு உம்மேல பத்திக்கிட்டு வந்துச்சு. எதுக்குன்னு இப்பதான் தெரியுது."

அவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தலைமையாசிரியைக் குரல் திரும்பி வந்தது.

"அங்க தங்க எடம் தர்றாங்கன்னியே. எத்தனை ரூம்?"

"ரெண்டுன்னு போட்டிருக்கு."

"ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு ரூம்?"

எக்ஸ்ரேக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் துண்டுகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

"மலர் வேலை?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"தபால் ஆபீஸ் அந்த ஊர்லயும் இருக்கும். இவனுங்க ரெண்டு பேரும் இங்கேயிருந்து அனுப்பட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் யாரையும் கேக்கப்போறதில்ல. உன்னைத்தான் கேக்கறேன். உன்னோட ரூம், அதனால" என்றார்.

திங்கட்கிழமை காலை கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்ப இரண்டு பேருமாகக் கிளம்பினார்கள். மைக் வாசல்வரை வந்தார், எதையோ சொல்ல வாயெடுத்து, பேசாமல் கேட்டைத் திறந்துவிட்டார். முட்டி வலி என்று கடைத்தெருவுக்குக்கூட வராத நாத்தனார் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். எக்ஸ்ரேக்காரம்மா அந்த முட்டியைப் போன வருஷம்தான் படம் எடுத்திருந்தாள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு இந்த வேகத்தில் நடக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மெதுவா போங்கக்கா என்று இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் காதில் வாங்கவில்லை. பெரிய சாலை வந்தது. சந்திப்பில் விளக்கு வேலை செய்யவில்லை, வண்டிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. நாத்தனார் ஓரத்தில் நிற்கக்கூட இல்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளை வரிசையாகச் சாலை கடக்கவிட்ட வலது கையை ஒரேயடியாக உயர்த்திக்கொண்டு தார்ச்சாலையில் இறங்கினார். இரும்புக் கம்பி ஏற்றி வந்த லாரி ஒன்று பெருமூச்சு விட்டு நின்றது. அதன் பின்னால் பஸ்ஸும், பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டர்களும் நின்றன. அவர் உயர்த்திய கையை இறக்காமல், திரும்பியும் பார்க்காமல், நடுச்சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.